தட்டில் வைத்த மைக்

“அம்மா, மறுபடியும் தலையாட்டுறீங்க!”

யோகேஸ்வரி ஆட்டிக்கொண்டிருந்த தலையைச் சட்டென்று நிறுத்தினாள்.

“நான் இப்ப என்ன சொன்னேன்? சொல்லுங்க பாப்போம்” என்றாள் மகள் லோஷினி.

“ஏதோ நல்ல விசயந்தான் சொன்ன.”

“அடுப்புல பால் பொங்கி ஊத்துதுன்னு சொன்னேன்.”

“அலமாக்!” என்று எழுந்து ஓடப் போனவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள் மகள். “பாலும் இல்ல, ஒன்னும் இல்ல. சோதிச்சுப் பாத்தேன். இப்படியே பரிசத்துக்கு வந்து உக்காந்து ஆட்டுனீங்கன்னா என் கதி என்னாம்மா?”

யோகேஸ்வரிக்குக் காது மந்தமாகிப் பல வருசம் ஆகிறது. ஸ்கூடாய் பக்கத்து மரச்சாமான் தொழிற்சாலையில், பலகை அறுக்கும் மிஷினுக்கு எதிரிலேயே நின்று சம்பாதித்தது. சம்பளம் செலவாகிவிட்டது, செவிடு தங்கிவிட்டது. அதை யாரிடமும் ஒத்துக்கொள்ள அவளுக்கு மனசில்லை. யார் என்ன சொன்னாலும் சிரித்த முகத்தோடு தலையை ஆட்டிவிடுவாள். அப்படி ஆட்டித்தான் வீட்டுக்கு ஒரு தண்ணீர் ஃபில்டர் வந்து சேர்ந்தது. கோயிலில் ஆட்டியதில் திருவிழாவுக்கு வடை சுடும் பொறுப்பு மொத்தமும் தலையில் விழுந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக்கிடம் ஆட்டியதில், அந்தம்மா மகள் வீட்டுக்குப் போன நாளெல்லாம் ஒரு பூனையும் அதன் குட்டிகளும் இவள் சோபாவில் குடியிருந்தன.

அதெல்லாம் போகட்டும். பரிசத்தில் ஆட்டினால் பூனையோடு முடியாது.

லோஷினி சிங்கப்பூரில் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். விடியும் முன்னே எழுந்து, ஜொகூர்ப் பாலத்தில் நெரிசலில் நின்று, போய்வருகிற வேலை. அலுத்துக்கொள்வாள், திட்டுவாள், ஆனால் அந்த வேலையைப் பற்றிப் பேசும்போது அவள் முகம் வேறு மாதிரி ஆகிவிடும். மாப்பிள்ளை ரூபேந்திரனுக்கு அதில் ஆட்சேபணை ஒன்றும் இல்லை. ஆட்சேபணை எல்லாம் அவன் பெரியப்பா லெட்சுமணனுக்குத்தான். அப்பா இல்லாத பையனை லாயாங் லாயாங்கில் தன் வீட்டில் வைத்துப் படிக்கவைத்தவர். “பொம்பளப் புள்ள நாடு விட்டு நாடு போய் சம்பாரிக்கணுமா?” என்று ரெண்டு இடத்தில் சொல்லியிருக்கிறார் என்று செய்தி வந்திருந்தது.

“அவரு சபையில கேட்டு, நம்ம பக்கம் சரின்னு சொல்லிட்டா, அப்புறம் ரூபனும் வாயத் தொறக்க முடியாது, நானும் தொறக்க முடியாது. உங்களுக்கே தெரியும்லம்மா. பரிசத்துல சொன்னது சொன்னதுதான்.”

“உங்க மாமா பேசட்டுமே. தாய்மாமன்தான பேசணும்?”

“மாமாவா? அவரு யாரு எத கேட்டாலும் ‘அதுக்கென்ன, தாராளமா’ன்னு சொல்லுற மனுசன். போன வருசம் காரையே அப்படித்தான குடுத்தாரு, இன்னும் திரும்பி வரல. நீங்கதாம்மா பேசணும். என் வேலைய மட்டும் காப்பாத்திக் குடுங்க. நகை கூட வேணாம்.”

“நகை வேணாம்னு எல்லாம் சொல்லாத” என்றாள் யோகேஸ்வரி. அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

தம்பி கமலநாதன் விசயம் கேள்விப்பட்டு மோட்டாரில் வந்து இறங்கினான். “அக்கா, நீ சபையில பேசறது பத்தி எனக்கு ஒன்னும் இல்ல. ஆனா நீ அங்க உக்காந்துக்கிட்டு ‘ஆங்? ஆங்?’னு கேட்டா நம்ம மானம் போயிடும். ஒரே ஒரு தடவ ‘கேக்கல’ன்னு சொன்ன, அதோட நான் பேச ஆரம்பிச்சுடுவேன். சரியா?”

யோகேஸ்வரி தலையாட்டினாள். இந்தத் தடவை கேட்டுத்தான் ஆட்டினாள்.

மறுநாளே லோஷினி அம்மாவைக் காது மிஷின் கடைக்குக் கூட்டிப்போனாள். ரெண்டு காதுக்கும் புதிதாக வாங்கி ஒரு மாசம் ஆகியிருந்தது. மாட்டின அன்றைக்கே யோகேஸ்வரி அதை டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். கடையில் இருந்த மிஸ் லிம், சின்னப் பெண், மலாயில் பொறுமையாகக் கேட்டாள்.

“ஏன் மாக்சிக், போடுறதில்லையா?”

“போட்டா பிளாஸ்டிக் பை சத்தம் இடி மாதிரி கேக்குது. மனுசங்க பேசறது மட்டும் கேக்கல.”

மிஸ் லிம் கம்ப்யூட்டரில் என்னென்னவோ தட்டி, கூர்மையான சத்தங்களைக் குறைத்தாள். பிறகு காதுக்குப் பின்னால் இருக்கும் குட்டிப் பொத்தானைக் காட்டினாள். அழுத்த அழுத்தச் செட்டிங் மாறும். ஒரு டிங் என்றால் சாதாரணம். ரெண்டு டிங் சாப்பாட்டுக் கடை. எதிரில் இருப்பவர் பேசுவதை மட்டும் எடுக்கும். மூணு டிங் பாட்டுக் கேட்க. நாலு டிங் மைக்.

“மைக்கா?”

மிஸ் லிம் ஒரு குட்டிப் பெட்டியை எடுத்துவைத்தாள். கறுப்பு நிறம், தீப்பெட்டியில் பாதி, மாட்டிக்கொள்ளக் கயிறு. பேசுகிறவர் கழுத்தில் அதைப் போட்டுவிட்டால் போதும், எத்தனை கூச்சல் இருந்தாலும் அவர் குரல் நேரே மிஷினுக்குள் வந்துவிடும். “இன்னொன்னு மாக்சிக். சுவத்துக்கு முதுகு காட்டி உக்காருங்க. சத்தம் பின்னால இருந்து வரக் கூடாது. பேசறவங்க வாயப் பாருங்க. கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லுங்க.”

முதல் மூன்றையும் யோகேஸ்வரி மனசில் குறித்துக்கொண்டாள். கடைசியைக் கேட்காத மாதிரி விட்டுவிட்டாள்.

பரிசம் உலு திராமில், கோயிலை ஒட்டிய மண்டபத்தில். யோகேஸ்வரி முதல் ஆளாகப் போய் இடம் பார்த்தாள். சுவரோரம் ஜமுக்காளம் விரித்து, இது பெண் வீட்டுப் பக்கம் என்று பூத்தட்டை வைத்து இடம் பிடித்தாள். ஒலிபெருக்கிப் பெட்டிகளோடு வந்த விஜயனிடம் போய், “தம்பி, சத்தத்தக் கொஞ்சம் கம்மியா வையிப்பா” என்றாள்.

“ஆண்ட்டி, விசேச வீடுன்னா ரோட்டுல போறவனுக்குக் கேக்க வேணாமா?”

“ரோட்டுல போறவனுக்கா பரிசம் போடுறோம்?”

“சரி ஆண்ட்டி, உங்களுக்காக” என்று ஒரு திருகைத் திருகினான் விஜயன். ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை.

மைக்கை எப்படிக் கொடுப்பது என்பதில் ஒரு யோசனை நடந்தது. “அவ்ளோ பெரிய மனுசர் கழுத்துல நீங்க போய் கயித்த மாட்ட முடியாதும்மா. தட்டுல வெத்தலை வெச்சு, அது மேல வெச்சு மரியாதையா நீட்டுங்க. என்னான்னு விளக்கிச் சொல்லுங்க. போட்டுக்குவாரு” என்றாள் லோஷினி. அப்படியே குட்டி வெள்ளித் தட்டில் வெற்றிலை பரப்பி, நடுவில் மைக்கை வைத்தார்கள். கமலநாதன் வந்து தட்டுகளை விரலால் எண்ணிப் பதறினான்.

“அக்கா, இதோட சேத்தா நம்ம தட்டு ரெட்டைப்படை ஆயிடுச்சு! ஆவாது!”

“இது சீர்த் தட்டு இல்லடா. இது என் காது.”

“தட்டுல இருந்தா தட்டுதான். எண்ணுறவங்களுக்குக் காதுன்னு தெரியுமா?”

ஓடிப்போய்ப் பக்கத்துக் கடையில் ஒரு டின் பிஸ்கட் வாங்கிவந்து இன்னொரு தட்டில் வைத்து ஒற்றைப்படை ஆக்கினான்.

மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு வந்து இறங்கினார்கள். லெட்சுமணன் ஆள் ஆறடி. மீசை அதைவிடப் பெரிது. மேலுதட்டை மூடி, கீழுதட்டுக்கும் கூரை போட்டிருந்தது. அந்த வாயைப் பார்த்து என்ன பேசுகிறார் என்று கண்டுபிடிக்க முடியாது என்பது யோகேஸ்வரிக்குப் பார்த்த நொடியே விளங்கிவிட்டது. ரூபேந்திரன் வழக்கப்படி சபைக்குள் வராமல் கூட்டாளிகளோடு வாசலிலேயே நின்றுகொண்டான். அவன் அம்மா தேன்மொழி உள்ளே வந்ததும் நாலு பக்கமும் பார்த்தாள்.

“நாங்க கிழக்க பாத்து உக்காரணுமே. அந்தச் சுவத்துப் பக்கம் எங்களுக்கு விட்டுடுங்களேன்.”

“அதுக்கென்ன, தாராளமா!” என்றான் கமலநாதன்.

யோகேஸ்வரி அவனைப் பார்த்த பார்வையில் பிஸ்கட் டின்னே நசுங்கியிருக்கும். சுவர் போயிற்று. இப்போது அவள் முதுகுக்குப் பின்னால் விஜயனின் பெட்டி. அதற்கும் பின்னால் சமையல்காரர்களின் குண்டான், கரண்டி. ஜன்னலுக்கு வெளியே கோயில் திடலில் உறுமி மேளம் பழகும் பையன்கள். எதிரில், லெட்சுமணனின் தோளுக்குப் பின்னால், லாரிச் சக்கரம் மாதிரி ஒரு காற்றாடி.

பரவாயில்லை, மைக் இருக்கிறது. காதுக்குப் பின்னால் தடவி நாலு டிங் வைத்துக்கொண்டாள். உலகமே பஞ்சில் சுற்றினாற்போல அடங்கியது. வெள்ளித் தட்டை ரெண்டு கையாலும் ஏந்தி லெட்சுமணனிடம் நீட்டினாள்.

“அண்ணே, இது வந்து...”

அந்த நேரம் பார்த்து விஜயன் நாதஸ்வர மெட்டில் ஒரு சினிமாப் பாட்டைத் தூக்கிவிட்டான். அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. லெட்சுமணன் முகம் மலர்ந்தது. மைக்கை வெற்றிலையோடு எடுத்தார். பயபக்தியாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தேன்மொழியிடம் கொடுத்தார். தேன்மொழியும் ஒற்றிக்கொண்டு, முறுக்குப் பொட்டலங்கள் இருந்த சீர்ப் பைக்குள் பத்திரமாகப் போட்டாள்.

“ஐயோ, அக்கா” என்று கமலநாதன் அவள் காதோரம் கத்தினான். “இப்ப என்னா செய்யறது?”

என்ன செய்வது? தட்டில் வைத்துக் கொடுத்ததைப் பரிசத்தில் திருப்பிக் கேட்ட பெண் வீடு என்று ஒன்று ஜொகூரில் இதுவரை இல்லை. யோகேஸ்வரியின் ரெண்டு காதிலும் முறுக்கு நொறுங்கியது.

சபை தொடங்கிவிட்டது. யாரோ பெரியவர் எழுந்து நாலு வார்த்தை சொன்னார். கும்பிட்டார்கள், கும்பிட்டாள். லெட்சுமணன் தொண்டையைச் செருமினார். அவர் மார்பு ஏறி இறங்கியதில்தான் அது தெரிந்தது. பேச ஆரம்பித்தார். நல்லதைப் பேசும்போது மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து, கையை விரித்துப் பேசினார். கஷ்டமான இடம் வந்ததும் குனிந்துகொண்டார். வேட்டி நுனியைப் பார்த்தபடி மீசைக்குள்ளேயே முணுமுணுத்தார். அவர் சொன்னது இது, யோகேஸ்வரிக்குத்தான் எட்டவில்லை:

“பொண்ணு அந்த ஊரு வேலைய விட்டுட்டு வீட்டோட இருந்துடட்டும். எங்க வழக்கம் அதான்.”

யோகேஸ்வரி ஆபத்தை மோப்பம் பிடித்தாள். காதுக்குப் பின்னால் அழுத்தினாள். ஒரு டிங்: குண்டான், உறுமி, குழந்தைகள், விஜயன், எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் குதித்தன. மறுபடி அழுத்தினாள். ரெண்டு டிங்: எதிரில் இருப்பதை மட்டும் எடுக்கும் செட்டிங் எதிரில் இருந்த காற்றாடியை விசுவாசமாக எடுத்துக் கொடுத்தது. மூணு டிங்: பாட்டு அற்புதமாகக் கேட்டது; தபேலா தனியாக, வயலின் தனியாக. பயந்துபோய் இன்னொரு தடவை அழுத்தினாள். முறுக்கு.

“அந்தம்மா ஏன் காத சொறிஞ்சுக்கிட்டே இருக்காங்க?” என்று தேன்மொழி பக்கத்துப் பெண்ணிடம் கேட்டது லோஷினி இருந்த அறை வரைக்கும் கேட்டது.

லெட்சுமணன் பதிலுக்குக் காத்திருந்தார். சபை யோகேஸ்வரியைப் பார்த்தது. அவள் கழுத்து வழக்கம்போல ஆடத் தயாரானது. முகத்தில் அந்தப் பழைய சிரிப்புக்கூட வந்துவிட்டது. பக்கத்தில் கமலநாதன் கையை விரித்து, “அதுக்கென்ன, தா...” என்று தொடங்குவது அவன் வாயிலேயே தெரிந்தது. அந்த வார்த்தையை அவள் காதால் கேட்க வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற வாய்.

அவன் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

“எனக்குக் கேக்கல” என்றாள்.

தன் குரலின் அளவு தெரியாமல் சொன்னதில் அது மண்டபத்தின் மறுகோடி வரை போயிற்று.

“அக்கா, நான் பேசறேன், நாம பேசினபடி...”

“பேசினது இருக்கட்டும். மொதல்ல எனக்குக் கேக்கணும்.” லெட்சுமணன் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். “அண்ணே, கோவிச்சுக்காதீங்க. எனக்குக் காது சரியா கேக்காது. வருசக் கணக்கா கேக்காது. கேட்ட மாதிரி தலையாட்டிக்கிட்டு இருந்தேன். எம்பொண்ணு விசயத்துல அப்படி ஆட்ட முடியாது. நீங்க சொன்னத இன்னொரு தடவ சத்தமா சொல்லுங்க.”

சபை அடங்கியது. விஜயன் என்னவோ ஏதோவென்று பாட்டை நிறுத்திவிட்டான். சமையல்காரர்கள் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்கள். உறுமிப் பையன்கள்கூட ஜன்னலில் வந்து நின்றார்கள். அத்தனை அமைதி அந்த மண்டபம் கட்டிய நாளிலிருந்து அங்கே இருந்திருக்காது.

லெட்சுமணனுக்கு வேர்த்தது. முணுமுணுக்க வசதியாக இருந்த ஒன்று, உரக்கச் சொல்ல வேண்டி வந்ததும் வாய்க்குள் பெரிதாகிவிட்டது.

“அது... இவ்ளோ தூரம் தினமும் போயிட்டு வரணுமே புள்ள... கொஞ்ச நாளைக்கு லீவு கீவு போட்டா ஒடம்புக்கு நல்லதுன்னு...”

“என்னா அத்தான் இது?” என்றாள் தேன்மொழி சபைக்கே கேட்கிறாற்போல. “மொதல்ல வேற மாதிரி சொன்னீங்க?”

“நீ சும்மா இரு.”

“நான் ஏன் சும்மா இருக்கணும்? நான் கிளினிக்குல வேலைக்குப் போயித்தான இந்தப் பரிசத்துக்கு எம்புள்ளைக்கு மோதிரம் வாங்கினேன்? அப்ப அது எந்த வழக்கம்?”

யோகேஸ்வரியின் காதில் இப்போது பையின் ஜிப் இழுபட்டது. ரெண்டாவது தடவையும் ஒன்றும் தேறவில்லை.

“கேக்கலண்ணே” என்றாள், நிஜமான வருத்தத்தோடு. “இன்னொரு தடவ?”

“போதும்க்கா, மானம் போவுது” என்று கமலநாதன் தலையில் கைவைத்தான்.

பாட்டு நின்றதும் வாசலிலிருந்து எட்டிப் பார்த்த ரூபேந்திரன் நிலைமையைப் பார்த்தான். “அத்தை, மைக்க போடலியா? லோஷினி சொன்னாளே, மைக் வெச்சிருக்கீங்கன்னு.”

“எந்த மைக்கு?” என்றாள் தேன்மொழி.

“சின்னதா, கறுப்பா, கயிறு போட்டு இருக்கும்மா.”

“அது அவங்க குடுத்த சீருடா! நான் ஏதோ புது மாதிரி சாமி டாலருன்னு நெனச்சேன்!”

ரூபேந்திரன் பைக்குள் கைவிட்டு, முறுக்குத் தூளைத் தட்டி அதை வெளியே எடுத்தான். “அம்மா, இத நாங்களே எடுத்துப் போடறோம், அவங்க திருப்பிக் கேக்கல. தோஷம் ஒன்னும் இல்ல” என்று சொல்லிக்கொண்டே பெரியப்பா கழுத்தில் மாட்டிவிட்டான். மாட்டிவிட்டு நகராமல் அங்கேயே நின்றான்.

“என்ன பெரியப்பா சொன்னீங்க? நானும் கேக்கல.”

லெட்சுமணன் கழுத்தில் தொங்கியதைக் குனிந்து பார்த்தார். தான் வளர்த்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். வெளியே வரத் துடித்துக்கொண்டிருந்த தேன்மொழியின் அடுத்த வாக்கியத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு யோகேஸ்வரியின் ரெண்டு காதிலும் புயல் மாதிரி அடித்தது.

“வேலைக்குப் போறது அவங்க ரெண்டு பேரோட இஷ்டம்னு சொன்னேன்.”

கேட்டது! சொல்லுக்குச் சொல், மீசை உரசுகிற சத்தத்தோடு கேட்டது. யோகேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமா என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

“இஷ்டம்னா? லோஷினி வேலைய விட வேணாம்?”

“வேணாம்.”

“சிங்கப்பூருக்கே போய்வரலாம்?”

“போலாம்! எங்க வேணும்னாலும் போலாம்! மூணு தடவ சொல்லிட்டேன் லா, தாயே!”

“மூணு தடவ சொன்னா வாக்குதான்” என்று எழுந்தார் அந்த முதல் பெரியவர். “நல்ல நேரம் போவுது. தட்டு மாத்துங்க.”

விஜயனுக்கு உயிர் வந்தது. பாட்டு முழங்க, தட்டு மாறியது. உள்ளறையிலிருந்து பட்டுச்சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்த லோஷினி, இன்னும் அழைக்காத சபைக்கு நடுவில் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பெண் இப்போது வரக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். அது அம்மாவுக்கும் கேட்கவில்லை, மகளுக்கும் கேட்கவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் கமலநாதன் அக்காவின் இலைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “யப்பா, என்னா நடிப்பு! அந்த மனுசன மூணு தடவ சொல்லவெச்சு, வழிக்குக் கொண்டாந்துட்டியே!”

“என்னடா நடிப்பு? எனக்கு உண்மையாவே கேக்கல.”

“இத வெளிய சொல்லு, நம்புவாங்க. எங்கிட்டயா?” என்று கண்ணடித்தான். அவனைத் தாண்டி உட்கார்ந்திருந்த தேன்மொழியும் கண்ணடித்தாள். யோகேஸ்வரி ரெண்டு பேரிடமும் சத்தியம் செய்து பார்த்தாள். அவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். சரி, போகட்டும் என்று பாயசத்தை இலையில் ஊற்றச் சொன்னாள்.

அப்போது அவள் காதுக்குள் லெட்சுமணனின் குரல் புறப்பட்டது. மைக்கைக் கழற்ற அவருக்கு நினைவில்லை. எதிர்ப்பந்தியில், வாய் நிறைய அப்பளத்தோடு, பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

“பொண்ணு படிச்ச புள்ள. வேலைய விடவே கூடாதுன்னு நாங்கதான் மொதல்ல சொன்னோம். அந்தக் காலம் மாதிரியா? எங்க குடும்பத்துல எல்லாம் ரொம்ப முற்போக்கு, பாருங்க.”

சொல்லிவிட்டு நிமிர்ந்தவர், எதிரில் யோகேஸ்வரி தன்னையே பார்ப்பதைப் பார்த்து அப்பளத்தை நிறுத்தினார்.

“நல்லா கேக்குது சம்மந்தி” என்றாள் யோகேஸ்வரி. “இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. அந்தக் கடைசி வரிசைல இருக்கறவங்களுக்குக் கேக்கல.”